எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மாசி மாதத்து மூன்றாம் பிறை கண்டதும் காமன் ஊன்றுவது மலையகத் தோட்டங்களின் பழைய வழக்கம். தவத்தைக் கலைக்க வந்த மன்மதனைச் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் எரித்தார், ரதி புலம்பினாள், அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தோன்றுமாறு பின்னர் வரம் கிடைத்தது. அப்படியானால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவாய் நின்று இக்கேள்வியை வைத்து இலாவணி பாடுவது தமிழ்நாட்டிலே நெடுநாள் வழக்கம். விடிய விடியப் பாடினாலும் வழக்குத் தீராது. தீரவேண்டும் என்று எவரும் விரும்புவதுமில்லை.

நவீன வளர்ச்சி மலையக மக்களின் பண்பாட்டை வளர்த்ததா, வாட்டியதா என்று நம் பாடசாலைகளில் மாணவர் நடத்தும் பட்டிமன்றங்களும் இந்த இலாவணியைப் போன்றவையே. ஒரு கட்சி கைத்தொலைபேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். மறு கட்சி பல்கலைக்கழகத்தைச் சாட்சிக்கு அழைக்கும். நடுவர் இருவரையும் பாராட்டி, நடுவிலே ஒரு தீர்ப்புச் சொல்லித் தேநீர் அருந்தப் போய்விடுவார். ஆனால், இவ்வழக்கு பொழுதுபோக்குக்கு உரியதன்று. ஆகவே, லுணுகலைப் பகுதியை முன்வைத்துச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

லுணுகலையை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். 1924-இல் பதுளையை எட்டிய இரயில் பாதை அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் பசறை வழியாகத் தெருவிலே வந்தால் லுணுகலை; அதையும் தாண்டி இறங்கினால் பிபிலை, வெல்லஸ்ஸைச் சமவெளி. மலைநாடு முடிந்து வறண்ட நாடு தொடங்கும் வாயிற்படி இது. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்கள் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. மடுல்சீமையும் தொலைவில் இல்லை. இரயிலுக்கு எட்டாத ஊராகையால், இங்கே புதுமை எதுவும் சற்றுப் பிந்தியே வந்து சேர்ந்தது. அதனாலேயே பழமையும் சற்று நின்று நிதானித்தது எனலாம்.

முதலில் எரிந்த கட்சியின் வாதத்தைக் கேட்போம். முன்னாளில் லயத்து இஸ்தோப்பில் ஒருவர் உட்கார்ந்தால் பத்துக் குடும்பங்கள் கூடும்; ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் மறு வீட்டில் அடுப்பு எரியும்; சாவு என்றால் தோட்டமே வேலையை நிறுத்தும். இப்போது அவரவர் கதவு, அவரவர் தொலைக்காட்சி என்று ஆகிவிட்டது என்கின்றனர். இதிலே உண்மை நிரம்ப உண்டு. காமன் கூத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் கொட்டகை இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை. தோட்டத்தின் நடுவே ஒதுக்கிய வெட்டவெளி ஒன்றே போதும். காமன் பொட்டல் என்பது அதன் பெயர். தலைக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். ரதியாகவும் மதனாகவும் ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதி வேடத்தையும் ஆடவரே புனைந்துகொள்வார். பகலெல்லாம் மலையில் முள்ளுக்குத்தியவரும் கவ்வாத்து வெட்டியவரும் இரவிலே சிவனும் எமனும் வீரபத்திரருமாக மாறுவர். அன்றைக்குக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய மனிதன், பொட்டலில் எமதர்மனாக நின்று உறுமும்போது கணக்கப்பிள்ளையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கூத்து இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்? பார்வையாளர் என்று தனியாக ஒரு வகுப்பு அங்கே இல்லை. வேடம் கட்டாதவன் பந்தம் பிடித்தான். பந்தம் பிடிக்காதவள் மறுநாள் பொங்கலுக்கு அரிசி புடைத்தாள். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்விதமே நடைபெற்றன.

தெய்வங்களும் அவ்வாறே. ஆலைச் சக்கரத்தருகே ரோதைமுனி, கவ்வாத்து மலையிலே கவ்வாத்துச்சாமி என்று, செய்த தொழிலுக்குள்ளேயே தங்களுக்குக் காவல் தேடிக்கொண்டவர்கள் இம்மக்கள். புராணத்திலே இல்லாத தெய்வங்கள்தாம். ஆயினும் கைகால்களை இயந்திரத்திடம் பறிகொடுக்கும் அச்சம் புராணத்துக்கு முன்பே தோன்றியதன்றோ!

இவ்வளவும் சொன்ன எரிந்த கட்சியினர் ஒன்றை மட்டும் மெல்ல மறைக்கின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து கிடந்தமையால்தான் இஸ்தோப்பு அவ்வளவு கலகலப்பாக இருந்தது. உள்ளே படுக்க இடமில்லாதவன் வெளியே உட்கார்ந்து கதை பேசினான். அதை ஒற்றுமை என்று நாம் பெயரிட்டு மகிழ்கின்றோம். கூத்துக்குத் துணைநின்ற தப்பை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் அதே தப்புத்தான். அதை அடித்தவர், சாவுக்கும் திருவிழாவுக்கும் முன்னால் நடக்க வேண்டியவர். பந்தியில் மட்டும் பின்னால் உட்கார வேண்டியவர். அவருடைய பேரன் பள்ளிக்கூடம் போய் எழுத்தறிந்தபின் தப்பைத் தொட மறுத்தால், பண்பாடு அழிந்தது என்று அவனைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? அவன் மறுத்தது இசையை அன்று, இழிவையே. இன்று அதே வாத்தியத்தைச் சாதி பாராமல் இளைஞர்கள் மேடையில் முழக்குவதைக் காணும்போது, முறித்துக்கொண்டது நல்லதாயிற்று என்றே தோன்றுகிறது.

லய வாழ்க்கையை எண்ணி உருகுவோர் மீரியபெத்தையையும் எண்ண வேண்டும். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலையில், இதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே, மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். போக வேறு இடம் இல்லாமையால் மக்கள் அங்கேயே இருந்தனர்.

எரியாத கட்சியின் கணக்கும் சிறியதன்று. 1948-இன் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, 2003-இன் சட்டத்தோடுதான் குடியுரிமைப் பிரச்சினை ஓய்ந்தது. ஆணும் பெண்ணும் செய்த ஒரே வேலைக்கு ஒரே நாட்சம்பளம் என்பது 1984-இல் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர் தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 2005-இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்னொரு செய்தியை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்துக்குள் ஒரு தெருவைச் செப்பனிடப் பிரதேச சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. வாக்குப் போட்டுச் சபையைத் தேர்ந்தவர்களுக்கு அச்சபையின் கல்லும் தாரும் கிடையா! 2018-இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. இவற்றையெல்லாம் வளர்ச்சி என்று சொல்வதே கூச்சமாக இருக்கின்றது. பாக்கியைத் தீர்த்தல் என்றால் பொருந்தும்.

எனினும் இக்கட்சியும் ஒன்றை மறைக்கின்றது. “பண்பாடு எங்கே போய்விட்டது? பரிசளிப்பு விழாவிலே காமன் கூத்து ஆடினோமே” என்கின்றனர். ஆடினார்கள், மெய்தான், பத்து நிமிடத்துக்கு ஆடினார்கள். ரதி அழத் தொடங்குமுன் திரை விழுந்துவிட்டது. பதினைந்து இரவு தோட்டத்தையே கட்டி வைத்த ஒன்றைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்கினால் எஞ்சுவது வேடமே.

இரு கட்சியும் சேர்ந்து மறக்கும் ஒன்று உண்டு. 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேருக்குப் பின்னர் முடிவு என்று மனிதரைப் பங்கிட்டார்கள். தலைமன்னாருக்குச் சென்ற இரயிலை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே அழைத்தனர். ஒரு லயத்தில் அண்ணன் போனான், தம்பி நின்றான். கூத்துக்குழு என்பது ஏட்டிலே வாழ்வதன்று; வாத்தியார் போனால் பாட்டுப் போயிற்று, மதன் போனால் ரதிக்குத் துணையில்லை. 1968-இல் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கெனத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்களோடு எத்தனை பாட்டுகள் கப்பலேறின என்று யார் எண்ணினார்கள்? இங்கே எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் இல்லையேல் நாம் அறிவதும் இவ்வளவில்லை. இது வளர்ச்சி செய்த தீங்கன்று. அரசுகள் கூடிச் செய்தது. தொலைக்காட்சி வந்தபோது பல பொட்டல்கள் ஏற்கெனவே வெறிச்சோடி இருந்தன.

பசிபிக் கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளிலும் இதே வழக்கு நடைபெறுகின்றது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்குச் சீனர், ஜப்பானியர், போர்த்துக்கேயர், பிலிப்பைன்காரர் எனப் பலரைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் நம்மைப் போன்றோர். மண்ணின் மக்களோ தம் மொழியையே இழக்கும் நிலைக்கு வந்தனர். 1896-இன் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே போதனை மொழியாக்கியது. பின்னர் 1978-இல் ஹவாய் மொழி அரசகரும மொழிகளுள் ஒன்றாயிற்று. 1984-இல் அம்மொழி மட்டுமே பேசும் மழலைப் பள்ளி தொடங்கியது. கடைசிப் பெரிய கரும்புத் தோட்டம் 2016-இல் மூடப்பட்டபின்னும் மொழி பேசும் குழந்தைகள் பெருகி வந்தனர். அவர்களுடைய ஹூலா நடனத்துக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்று விடுதிகளில் பயணிகளுக்காக ஆடுவது. மற்றொன்று ஹீலோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் விழாவுக்காக, ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று ஆடுவது. முதலாவது பணம் தருகின்றது. இரண்டாவதே நடனத்தை உயிரோடு வைத்திருக்கின்றது.

நமக்கும் அந்த முதல் வாழ்க்கை வாசல் வரை வந்துவிட்டது. எல்லைக்கும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றார்கள். கூடை சுமந்த பெண் அவர்களுடைய படங்களுக்கு அழகு சேர்க்கின்றாள். அதில் நான்கு காசு கிடைத்தால் வேண்டாமென்று சொல்ல நான் யார்? 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்படும் வரை எத்தனை போராட்டம்! ஆனால் அந்தப் படத்திலே ரோதைமுனி இல்லை, ரதியின் அழுகை இல்லை. அவை நமக்கு மட்டுமே தெரிந்தவை. நாம் மறந்தால் நினைவூட்ட வேறு ஆள் கிடையாது.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். வீடு வேண்டும், தெரு வேண்டும், படிப்பு வேண்டும். இவற்றால் பண்பாடு கெட்டதென்பது, வெயிலில் உலர்த்தியதால் துணி கிழிந்தது என்பது போலாகும். கெடுதல் வேறோரிடத்தில் இருக்கின்றது. 2015-க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியுடன் வீடுகள் எழுகின்றன. மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று 2017-இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். நல்லது, மிக நல்லது. ஆனால் லயம் உடைந்தால் இஸ்தோப்பும் உடைகின்றது. லயத்தைக் கட்டிய வெள்ளைத்துரை, பொட்டலை நமக்கென்று வரைந்து தரவில்லை. நாமே காட்டை வெட்டி உண்டாக்கிக்கொண்டோம். புதுக் குடியிருப்பின் வரைபடத்திலே அதை யார் வரைவது?

கணக்கு எளியது, மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஐம்பது வீடுகளுக்கு 350 பேர்ச் வேண்டும். அதனோடு ஓர் நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர், சேர்த்தால் ஒரு காமன் பொட்டலும் பக்கத்தில் வாசிகசாலைக்கு ஓரிடமும் ஆயிற்று. மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடட்டும். மாசியில் காமன் நிற்கட்டும். தொழிலுக்குக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன பிள்ளைகள் விடுமுறையில் வந்தால் கூடுவதற்கும் ஓரிடம் வேண்டாமா? கோயில் முன்றில் போதுமே என்பார் சிலர். கோயிலுக்குச் சாவி உண்டு, நிருவாகசபை உண்டு, கட்சிகளும் உண்டு. பொட்டலுக்குச் சாவியில்லை.

2018-இன் திருத்தத்துக்குப் பின் லுணுகலைப் பிரதேச சபையின் கைகளைச் சட்டம் முன்போல் கட்டிப்போடவில்லை. வீடமைப்புக் கூட்டத்தில் கூரைத் தகட்டைப் பற்றியும் குழாய் நீரைப் பற்றியும் கேட்போர், கால் ஏக்கரைப் பற்றியும் கேட்டுக் குறிப்பேட்டில் பதியச் செய்யலாம். அதுவரை மாணவர்களுக்கு வேறொரு வேலை இருக்கின்றது. கைத்தொலைபேசியைக் கூண்டில் ஏற்றியவர்கள் அதை இறக்கி எடுத்துக்கொண்டு, ரதி புலம்பலை முழுவதும் பாடத் தெரிந்த ஒரு முதியவர் தம் தோட்டத்தில் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால் அந்தி சாய்ந்தபின் போங்கள். பகலில் அவர் கொழுந்து மலையிலோ மரக்கறித் தோட்டத்திலோ இருப்பார். மேலும், ரதியின் புலம்பலைப் பகலில் பாடச் சொன்னால் பெரியவர்கள் எளிதில் இசையமாட்டார்கள்.