வலிக்காத காலையும் காட்டுங்கள்

எங்கள் பாத நலப் பிரிவில் காத்திருப்போரைச் சற்று உற்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். குதிகால் வலி உள்ளவர்கள் தாமாகவே வந்திருப்பார்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றும் முதல் அடியிலேயே முள் தைத்தாற்போன்ற வலி. அதைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலிருக்க எவருக்கும் மனம் வராது. அவர்களுள் பெரும்பாலோருக்குக் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டிவிடும் பயிற்சிகளும், மெத்தென்ற செருப்பும், சில மாதப் பொறுமையும் போதுமானவை. காலையே இழக்கும் ஆபத்து அவர்களுக்கு இல்லை. அந்த ஆபத்தில் இருப்பவர்களோ மகனோ மகளோ வற்புறுத்தி அழைத்து வந்த பின்னரே வருகிறார்கள். நீண்டகால நீரிழிவினால் பாத நரம்புகள் உணர்விழந்தவர்கள் அவர்கள். “எனக்குத்தான் வலியே இல்லையே, எதற்கு டாக்டர்?” என்பது அவர்களில் பலர் அமர்ந்தவுடன் கேட்கும் கேள்வி.

நீரிழிவு உள்ளவர்கள் வலியைக் கொண்டு பாதத்தின் நலத்தை அளப்பதை அறவே கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த உண்மையை உலகுக்கு எடுத்துரைத்ததில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று மக்கள் நம்பியிருந்த காலம் அது. உணர்வற்ற கையிலும் காலிலும் அறியாமல் ஏற்படும் காயங்களே, வலி தெரியாததால் மேலும் மேலும் பயன்படுத்தப்பட்டு, உறுப்பைச் சிதைக்கின்றன என்று அவர் விளக்கினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அதே அறிவு நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காக்கவும் பயன்பட்டது. இன்று நாம் வாங்கி அணியும் எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளருக்காகப் பரவலான ஒன்றே. அதனாலேயே அதனை அணியக் கூச்சப்படுவோர் இன்றும் உளர். அந்தக் கூச்சத்தை மருத்துவர்கள் எள்ளி நகையாடாமல், பொறுமையாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

உணர்விழந்த பாதத்தில் நிகழும் கேடுகளுள் பொதுமக்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பது கணுக்காலையும் நடுப்பாதத்தையும் தாக்கும் சார்கோ பாதம் என்னும் நிலை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கும், தோல் சிவந்திருக்கும், தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். வலி இராது, அல்லது வீக்கத்திற்கு ஒவ்வாத அளவு சிறிதே இருக்கும். வீட்டில் இதனைச் சுளுக்கு என்றே கருதுவார்கள். சுளுக்கெடுப்பவரிடம் சென்று எண்ணெயிட்டு நீவுவதும், வெந்நீர் ஒத்தடமும், “நடந்தால் சரியாகிவிடும்” என்ற அறிவுரையும் தொடரும். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்க, அவர் கடைக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டிருப்பார். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில்கூட ஒன்றும் தெரியாமற் போகலாம். சில வாரங்களில் பாதத்தின் வளைவு சரிந்து, அடிப்பகுதி படகுபோல் புடைத்து, புடைத்த இடத்தில் புண் தோன்றும். தொடக்கத்திலேயே வந்தால், எடை தாங்காதபடி மாவுக்கட்டிட்டு, சூடு தணியும்வரை சில மாதங்கள் காத்திருந்து பாதத்தின் வடிவத்தைக் காக்க இயலும். ஆகவே நீரிழிவு உள்ளவரின் ஒரு கால் வீங்கிச் சூடாக இருந்தால், நீவுவதற்கு முன்பும் நடப்பதற்கு முன்பும் மருத்துவரிடம் வாருங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட வேண்டாம்.

வரத் தயங்குவதற்கு அச்சமும் ஒரு காரணம். “கால் டாக்டரிடம் போனால் விரலை எடுத்துவிடுவார்” என்ற பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. விரலை எடுக்க நேர்ந்தவர்கள் பெரும்பாலும் புண் முற்றிய பிறகு வந்தவர்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. புண் இல்லாதவருக்கு இங்கே நடப்பது மிக எளியது. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்போம். நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரலில் வைப்போம். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்னும் நாடியைத் தேடுவோம். விரலிடுக்குகளையும் நகங்களையும் பார்ப்போம். காய்ப்பு தடித்திருந்தால் வலியின்றிச் சீவியெடுப்போம். அதன் அடியில் புண் மறைந்திருப்பதுண்டு. வீட்டில் பிளேடால் சீவுவதையும், ஆணிக்கு மருந்துப் பட்டை ஒட்டுவதையும் நீரிழிவு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அப்பட்டையிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

வேறொரு தயக்கமும் உண்டு. முதியவர்கள் சிலர், நான் பாதத்தைத் தொடக் குனிந்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள், “நீங்கள் போய் என் காலைத் தொடுவதா?” என்று பதறுவார்கள். அவர்களது பண்பை மதிக்கிறேன். ஆயினும் அந்த மரியாதை அவர்களுக்கே இடையூறாகிறது. மருத்துவர்களாகிய எங்கள் பக்கமும் குறையுண்டு. இரத்தச் சர்க்கரை அறிக்கையைப் பார்த்து, மாத்திரையை மாற்றி எழுதி, செருப்பைக் கழற்றச் சொல்லாமலே நோயாளியை அனுப்பிவிடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உள்ளது. கூட்டம் மிகுதி என்பது உண்மையே. ஆனால் இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. மருத்துவர் கேட்காவிட்டால், உடன் வருபவர் தயங்காமல் “காலையும் ஒருமுறை பாருங்கள்” என்று கேட்கலாம். அது மருத்துவரைக் குறை கூறுவதாகாது.

உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்தவர் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், அவ்விரண்டும் சேர்ந்தோ, அவற்றுள் ஒன்றுடன் பாதத்தின் வடிவம் மாறியோ இருப்பவர் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்களுள் முன்பே பாதப்புண் வந்தவரும் விரலையோ காலையோ இழந்தவரும் 1 முதல் 3 மாதங்களுக்குள் வருவது நல்லது. அடுத்த சர்க்கரைப் பரிசோதனையின் நாளை எழுதும் அதே குறிப்பேட்டில் இந்நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரும்போது, மருத்துவமனைக்கென்று எடுத்து வைத்த புதுச் செருப்பை அணிந்து வர வேண்டாம். அன்றாடம் அணியும் தேய்ந்த செருப்பையே கொண்டு வாருங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, எந்த இடத்தில் பாதத்தின் மேல் பாரம் மிகுதியாக விழுகிறது என்பதை நாங்கள் அறிய முடியும். வீட்டில் இரவுதோறும் உள்ளங்காலைப் பார்க்கக்கூடிய ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தருகிறோம்.