கருந்துளைக்கு எடை போட இரவுகள் வேண்டும்

தொலைதூரக் கருந்துளைகளைப் பற்றிய செய்திகளில் ஓர் எண் தவறாமல் இடம்பெறுகிறது. சூரியனைப்போல் பல லட்சம் மடங்கு, பல கோடி மடங்கு என்று. அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சொல்லியாக வேண்டும். ஏனென்றால், இந்த அளவீட்டில் இந்தியாவுக்கு ஏற்கெனவே ஒரு பங்கு இருக்கிறது. மனம் வைத்தால் இன்னும் பெரிய பங்கு கிடைக்கும்.

நம் பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளைக்குச் சிக்கல் குறைவு. அதைச் சுற்றும் விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சுற்றும் வேகமும் தூரமும் தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறை தெரிந்துவிடும். சுமார் 43 லட்சம் சூரியன்கள். இந்தப் பணிக்காக ரெய்ன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸும் 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் தனித்தனி விண்மீனைப் பிரித்துப் பார்க்க முடியாது. அங்கே கைகொடுப்பது காலம்.

கருந்துளைக்குள் விழும் வாயு, வட்டத் தட்டாகச் சுழன்று கடுமையாகச் சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளி சீராக இருப்பதில்லை, கூடும், குறையும். தட்டுக்கு வெளியே வேகமாகச் சுழலும் வாயு மேகங்கள் அந்த ஒளியை வாங்கித் தம்முடைய நிறத்தில் உமிழ்கின்றன. தட்டு பிரகாசமானால் மேகமும் பிரகாசமாகும், ஆனால் சற்றுத் தாமதமாக. அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். மேகத்தின் வேகத்தை நிறமாலைக் கோட்டின் அகலம் சொல்லிவிடும். எதிரொலி முறை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இந்தியாவில் நடந்த ஓர் அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். சுமார் 1.4 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 4395 என்ற சிறிய விண்மீன் மண்டலத்தை, நைனிடாலின் ஆர்யபட்டா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர், 1.3 மீட்டர் தொலைநோக்கிகளால் 2022 மார்ச்சில் கவனித்தார்கள். தாமதம் 125 நிமிடம். அதாவது மேகங்கள் இருப்பது 225 கோடி கிலோமீட்டர் தள்ளி. நம் சூரியக் குடும்பத்தில் வைத்தால் சனியைத் தாண்டி, யுரேனஸுக்கு முன்னால். வேகம் நொடிக்கு 545 கிலோமீட்டர். இவற்றை வைத்துப் பள்ளிப் பாடத்தில் உள்ள ஈர்ப்புச் சமன்பாட்டால் கணக்கிட்டால் சுமார் 5,000 சூரியன்கள் என்று வருகிறது. அறிவிக்கப்பட்டதோ 22,000.

நடுவில் புகுந்தது ஏறத்தாழ 4.5 என்ற ஒரு பெருக்கெண். மேகங்கள் எந்த வடிவில் அமைந்திருக்கின்றன, எந்தச் சாய்வில் நமக்குத் தெரிகின்றன என்பது தெரியாததால், அந்த அறியாமைக்கு ஈடாக வைக்கும் எண் அது. வேறு வழியில் நிறை மதிப்பிடப்பட்ட அருகிலுள்ள மண்டலங்களோடு ஒப்பிட்டு எடுத்த சராசரி. கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரி, தனி ஒரு கருந்துளைக்கு இரண்டு மூன்று மடங்கு பிசகலாம்.

இதே என்ஜிசி 4395-க்கு, 2005-இல் ஹப்பிள் தொலைநோக்கியின் புற ஊதா நிறமாலையில் கார்பன் கோட்டை வைத்துக் கிடைத்த விடை 3,60,000 சூரியன்கள். 2019-இல் ஹைட்ரஜன் கோட்டை வைத்து இன்னொரு குழு சொன்னது 9,100. ஏறத்தாழ நாற்பது மடங்கு வேறுபாடு! யாரும் கவனக்குறைவாக வேலை செய்யவில்லை. கணக்கில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. எந்தக் கோட்டை எடுக்கிறோம், அதன் அகலத்தை எப்படி அளக்கிறோம் என்பதில் நேரும் சிறு மாற்றம் விடையில் பெரிதாகிவிடும். அந்த வாயு கருந்துளையைச் சுற்றுகிறதா, வெளியே வீசப்படுகிறதா என்ற சந்தேகம் தனி.

எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளையிலும் இப்படி ஒரு வழக்கு இருந்தது. விண்மீன்களின் வேகத்தை வைத்து 660 கோடி சூரியன்கள் என்றார்கள். வாயுவின் வேகத்தை வைத்து 350 கோடி என்றார்கள். 2019-இல் நிகழ்வெல்லைத் தொலைநோக்கி அதன் நிழலைப் படம்பிடித்து, 650 கோடி என்று தீர்ப்புச் சொன்னது.

எதிரொலிக்குக் காத்திருந்து அளக்கப்பட்டவை சில நூறு மட்டுமே. மற்றவற்றுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிரகாசம் கூடினால் மேகங்களின் தூரமும் கூடும் என்ற உறவைப் பயன்படுத்தி, ஒரே ஒரு நிறமாலையைக் கொண்டு நிறையைச் சொல்லிவிடுவது. எங்கள் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயப் பட்டறையின் நீளம், உயரத்தைப் பார்த்தே இத்தனை மூட்டை தேறும் என்று வியாபாரி மதிப்புப் போடுவார். பிறகு எடைமேடையில் உண்மை தெரிந்துவிடும். குவேசாருக்கு, அதாவது வாயுவை விழுங்கிப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரக் கருந்துளைக்கு, எடைமேடை கிடையாது. சுவேந்து ரக்ஷித், சி.எஸ். ஸ்டாலின், யாரி கோடிலைனென் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட பட்டியலில் 5,26,265 குவேசார்களுக்கு இந்த வழியில் மதிப்பீடு இருக்கிறது. ஒரு தலைமுறைக்கே பயன்படும் வேலை அது. ஆனால், அந்த மதிப்பீடுகளின் அடியில் இருப்பது அருகிலுள்ள சில நூறு அளவீடுகள்தாம்.

அஸ்திவாரம் அவ்வளவு சிறியது என்பதற்கு 2024-இல் ஓர் எச்சரிக்கை வந்தது. சிலி நாட்டில் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து, 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குவேசாரின் மேகங்களை நேரடியாக அளந்தார்கள். நிறை 32 கோடி சூரியன்கள். விண்மீன் மண்டலத்தின் பருமனை வைத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆதிப் பிரபஞ்சத்தில் காணும் கருந்துளைகள் அந்தச் சிறு வயதிலேயே இவ்வளவு பெரிதாக எப்படி வளர்ந்தன என்று இன்று உலகமே விவாதிக்கிறது. அவை உண்மையிலேயே அவ்வளவு பெரியவையா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதற்கு மருந்து கூடுதல் எதிரொலி அளவீடுகள். அதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. என்ஜிசி 4395-க்கு இரண்டு இரவுகள் போதுமாக இருந்தன. பெரிய குவேசாரில் தாமதமே ஆண்டுக்கணக்கில் இருக்கும். பிரபஞ்சம் விரிவதால் அது இன்னும் நீண்டு நம்மை வந்தடையும். ஆகவே, பத்தாண்டுக்கு மேல் விடாமல் பார்க்க வேண்டும். இடையில் மழைக்கால இடைவெளி விழுந்தால், இல்லாத தாமதம் இருப்பதுபோல் கணக்குக் காட்டும். தொலைநோக்கி நேரம் சில மாதச் சுற்றுகளாகப் பகிரப்படும்போது, முனைவர் பட்ட மாணவர் ஐந்தாண்டில் ஆய்வேட்டை முடிக்க வேண்டியிருக்கும்போது, இதை யார் தொடங்குவார்?

நீண்ட காலம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. கொடைக்கானலில் சூரியனை நூறாண்டுக்கும் மேலாகப் படமெடுத்து வைத்திருக்கிறோம். இன்றும் உலகம் அதை எடுத்துப் பயன்படுத்துகிறது. ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு பெயரிலான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது, அங்கே 1.3 மீட்டர் தொலைநோக்கியும் உண்டு. லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர், தேவஸ்தலில் வேறு. இந்த மூன்று இடங்களுக்கும் மழைக்காலம் ஒன்றுபோல் இல்லை. ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னோரிடத்தில் வானம் திறந்திருக்க வாய்ப்புண்டு.

இந்தத் தொலைநோக்கிகளை இயக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் ஆர்யபட்டா நிறுவனமும் சேர்ந்து, இருபது குவேசார்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் வாரத்துக்குச் சில மணி நேரத்தைப் பத்தாண்டுகளுக்கு உறுதியாக ஒதுக்க வேண்டும். அந்தத் தரவு ஒரு மாணவருடையதாக இல்லாமல் நிறுவனத்தின் சொத்தாக இருக்க வேண்டும். இதற்காகப் புதிய தொலைநோக்கி எதையும் கட்ட வேண்டியதில்லை.

கட்டுரையாளர்: வானியற்பியல் ஆய்வாளர், செட்டிகுளம்.