கூண்டுக்குள் ஒரு திசை

வுச்சீரியா பலெர்மோவின் பழைய சந்தை. சிசிலி மொழியில் அந்தச் சொல்லுக்குக் கூச்சல் என்றும் பொருள் உண்டு. பெயருக்கு ஏற்ற இடம்தான்! இப்படியான பழைய தெருக்களில், பல்கனியில் கூண்டு வைத்துக் குருவி வளர்ப்பது வெகுகாலப் பழக்கம்.

வீட்டிலேயே பிறந்து வளர்ந்த கனாரியைப் பற்றி நான் பேசவில்லை. காட்டில் பிடித்த குருவியைக் கூண்டில் அடைப்பது பிழை என்றுதான் சொல்கிறேன்.

பெத்திரோஸ்ஸோவைப் பாருங்கள். இந்த இத்தாலியப் பெயருக்குச் ‘செந்நெஞ்சு’ என்று பொருள். 14 சென்ரிமீற்றர் நீளம்தான். கோடையில் மதொனியே, நெப்ரொதி மலைக்காடுகளில் கூடு கட்டும். குளிர்காலத்தில் கீழே இறங்கி வரும். வடக்கு நாடுகளில் இருந்தும் பல குருவிகள் இரவிரவாகப் பறந்து சிசிலிக்கு வரும். நம்மவர்கள் சந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறுவார்கள் அல்லவா? அப்போது புதருக்குள் ‘டிக், டிக்’ என்று கேட்டால், அது இவராக இருக்கலாம்.

இதன் சாப்பாடு வண்டு, சிலந்தி, புழு. யாராவது மண் கொத்தினால் பக்கத்திலேயே வந்து நிற்கும். புழு வெளியே வரும் என்று அதுக்குத் தெரியும்! குளிர்காலத்தில் ஒவ்வொரு குருவியும் தனக்கென்று ஓர் இடம் பிடிக்கும். பெண் குருவியும் பாடும். “இது என்ர இடம், வராதே!” என்பதுதான் அந்தப் பாட்டு.

“கூண்டுக்குள்ள இருந்தா பூனை பிடிக்காது, பசியும் இல்லைத்தானே?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காட்டில் பல குஞ்சுகள் ஒரு வருடம்கூட வாழ்வதில்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். 1960களில் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் விஞ்ஞானிகள் பெத்திரோஸ்ஸோக்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வானமும் நட்சத்திரமும் தெரியாத அறை. இடம்பெயரும் காலம் வந்ததும், அவை போகவேண்டிய திசையை நோக்கியே இரவில் துள்ளின. பூமியின் காந்தத்தை அவை உணர்கின்றன! சாப்பாடு இருந்தது, பூனை இல்லை. ஆனாலும் போகத்தான் பார்த்தன.

சட்டமும் குருவியின் பக்கம்தான். இத்தாலியின் 1992ஆம் ஆண்டு 157ஆம் இலக்கச் சட்டம் இந்தக் குருவியைப் பாதுகாக்கிறது. இருந்தும், பக்கத்துப் பல்லாரோ சந்தையில் காட்டுக் குருவிகளை விற்றவர்களைப் பொலிசார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அங்கே அதிகம் அகப்படுவது கார்தெல்லீனோ என்ற விதை தின்னும் குருவி. வாங்க ஆள் இருப்பதால்தானே விற்கிறார்கள்?

விற்பவரோடு நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம். “எங்களுக்கு வேண்டாம்” என்று அம்மா அப்பாவிடம் சொன்னால் போதும். பாட்டுக் கேட்க ஆசையா? டிசம்பரில் ஒரு நாள், விடியற்காலையில், பெல்லெக்ரீனோவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். சத்தம் போடாமல் நில்லுங்கள்.