பெயர்ப்பலகையில் எழுதக்கூடாதது

பட்டினப்பாக்கத்திலிருந்து வடக்கே சாந்தோம், மெரினா என்று கடலோரமாகவே போனால் உயர் நீதிமன்றத்தை அடைந்துவிடலாம். தெற்கே அடையாற்றைக் கடந்தால் தரமணியில், 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா. மேற்கே நடந்து போகும் தூரத்தில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பூம்பொழில் வளாகம். பக்கத்திலிருக்கும் மயிலாப்பூரோ நூறாண்டுகளுக்கு முன்பே வக்கீல்களின் ஊர். பாரதியின் பாடல்களை அச்சிட்டு வழங்கிய வி. கிருஷ்ணசாமி ஐயரும், அரசியல் சாசனத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அங்கே வாழ்ந்தவர்கள். இவ்வளவுக்கும் நடுவில் அமர்ந்துகொண்டு எங்கள் சிறு தொழிலுக்குப் பொருத்தமான வழக்கறிஞர் ஒருவரைக் கண்டடைய எங்களுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆறு ஆண்டுகளுக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பற்றியும், அதற்கு எங்கள் அறியாமை மட்டுமே காரணமல்ல என்பதைப் பற்றியும் எழுதத் தோன்றியது.

நாங்கள் மூவர். கடலோரத்தில் ஒரு மாடியறை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகளும் கணினிப் பெட்டிகளும் ஒரே வேகத்தில் துருவேறும் இடம். தமிழுக்கான பிழைதிருத்தி ஒன்றைச் செய்து, பதிப்பகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெளிநாட்டுத் தமிழர் சிலருக்கும் விற்றுவருகிறோம். அதன் உயிர்நாடியான சந்தி விதிகளை நிரலாக எழுதித் தந்தவர் எங்கள் நண்பர். அவர் எங்களிடம் சம்பளத்துக்கு இருந்தவர் அல்லர்; வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டவர். 2016இல் அவருக்கும் எங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதவேண்டியிருந்தபோது, எங்களில் ஒருவருடைய தந்தையின் வீட்டுப் பத்திரத்தைச் சரிசெய்து கொடுத்த வழக்கறிஞரிடம் போனோம். ‘நீங்களெல்லாம் கூட்டாளி மாதிரி, தம்பி. இதுக்கு ஒரு பக்கம் போதும்’ என்றார் அவர். அந்த ஒரு பக்கத்தில், இன்ன தொகைக்கு ஈடாக நிரலின் உரிமைகள் யாவும் எங்களுக்கு மாற்றித் தரப்படுகின்றன என்று எழுதியிருந்தது. எத்தனை காலத்துக்கு என்பது இல்லை. எந்தெந்த நாடுகளுக்கு என்பதும் இல்லை. ‘யாவும்’ என்ற சொல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினோம்.

2022இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று எங்கள் பிழைதிருத்தியைத் தன் செயலியில் சேர்க்க முன்வந்தது. அவர்களுடைய வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, நிரல் யாருக்குச் சொந்தம் என்பது. ஒரு பக்க ஒப்பந்தத்தை அனுப்பிவைத்தோம். மறுநாளே வந்த பதிலில் இரண்டு வரிகள்தான் இருந்தன. காலம் குறிப்பிடாத உரிமைமாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதாவது 2021லேயே எங்கள் உரிமை முடிந்துபோய்விட்டது. அதற்கு முன்பும் சிங்கப்பூரில் விற்க எங்களுக்கு உரிமை இருந்ததில்லை. எங்களுடையது என்று நாங்கள் விற்றுக்கொண்டிருந்த பொருள் நண்பருடையது.

இங்கே வாசக நண்பர்களுக்காக ஒரு சிறு விலகல். நம் சட்டத்தில் கணினி நிரல் என்பது ‘இலக்கியப் படைப்பு’. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம் நிரலை அந்த வகைக்குள் கொண்டுவந்தது. நாவலும் சிறுகதையும் எந்த அறையில் இருக்கின்றனவோ அதே அறையில்தான் எங்கள் சந்தி விதிகளும் இருக்கின்றன. ஆகவே எங்களுக்கு நேர்ந்தது இந்தப் பக்கத்தைப் படிக்கும் எழுத்தாளர் எவருக்கும் பொருந்தும். பணம் கொடுத்து எடுக்கச்சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் முதலாளிக்குச் சொந்தம். ஆனால் வெளியாளிடம் பணம் கொடுத்து எழுதச்சொன்ன நிரலோ நாவலோ எழுதியவருக்கே சொந்தம்; எழுத்துமூலம் கையொப்பமிட்டு மாற்றித் தந்தாலொழிய அது கைமாறாது. வாய்ச்சொல்லிலேயே காலம் தள்ளும் நம் பதிப்புலகம் இதை எத்தனை தூரம் நினைவில் வைத்திருக்கிறது என்று தெரியவில்லை. பாரதி பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறி ஒரு பட முதலாளியிடம் போய்ச் சேர்ந்து, கடைசியில் 1949இல் அரசே அதை வாங்கவேண்டி வந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கதையைப் பலமுறை பேசியவர்கள்தாம் நாங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் எங்களை மிரட்டவில்லை. விஷயத்தைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, ‘அப்படின்னா இத்தனை நாள் நான்தான் உங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன்’ என்று சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் நியாயமான ஒரு கணக்கும் இருந்தது. 2016இல் அவர் வாங்கியது மிகச் சிறிய தொகை. இந்தச் சட்டப்பிரிவே அவரைப் போன்றவர்களைக் காப்பதற்காக உள்ளது என்பதை எங்களால் மறுக்க முடியவில்லை. ஆயினும் புதிய ஒப்பந்தம் முடிவதற்குள் சிங்கப்பூர் நிறுவனம் வேறிடம் பார்த்துக்கொண்டது.

பழைய வழக்கறிஞரைக் குறைசொல்வது எளிது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நில விவகாரத்தில் அவர் பெரிய கை. மூலப்பத்திரத்தை விரல் நுனியால் தடவியே வில்லங்கத்தைச் சொல்லிவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வோம். தவறு எங்களுடையது, கண் வலிக்குப் பல் மருத்துவரிடம் போயிருக்கிறோம். ஆனால் மருத்துவரின் பலகையில் கண் என்றும் பல் என்றும் எழுதியிருக்கிறது. வழக்கறிஞரின் பலகையில் பெயரும் பட்டமும் மட்டும் இருப்பது ஏன்?

எழுதக்கூடாது என்பதால்தான். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி, வழக்கறிஞர் எவ்வகையிலும் விளம்பரம் செய்துகொள்வதைத் தடுக்கிறது. பலகை அளவோடு இருக்கவேண்டும் என்கிறது. இன்ன வகை வேலையில் தனித்தேர்ச்சி உடையவர் என்று அதில் குறிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. 2008இல் செய்த திருத்தம், சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி இவற்றோடு தொழில் செய்யும் துறையையும் குறிப்பிட இடம் கொடுத்தது. இணையதளம் வைத்துக்கொள்ளாத வழக்கறிஞர்கள்தாம் எங்களைப் போன்றவர்கள் பணம் கொடுத்துப் பார்க்கக்கூடியவர்கள். ஆக, திருத்தத்தால் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிட்டவில்லை.

விதிக்கு நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். பம்பாயில் குற்றவியல் நீதிமன்ற வாசலில் வழக்கறிஞர்கள் நின்றுகொண்டு, வருகிற கட்சிக்காரர்களை முந்திப் பிடிக்கப் பாய்ந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. பேருந்து நிலையத்தில் ஆட்டோவுக்கு ஆள்பிடிப்பதுபோல வழக்குக்கு ஆள்பிடிப்பதை யார் விரும்புவார்கள்? 2024 ஜூலையில் நம் உயர் நீதிமன்றமும், சுலேகா, ஜஸ்ட் டயல், குவிக்கர் போன்ற தளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச்சொல்லித் தீர்ப்பளித்தது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவருக்கும் வழக்கறிஞருக்கும் ஒரே பக்கத்தில் நட்சத்திரம் போடுவது எங்களுக்கும் உவப்பானதல்ல. அந்த நட்சத்திரங்களை நம்பி நாங்களும் ஒருமுறை ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பது நல்லது.

ஆனால் ‘என்னிடம் வாருங்கள்’ என்பது வேறு, ‘நான் செய்வது இன்னது’ என்பது வேறு. முன்னது கூவல், பின்னது தகவல். இரண்டையும் ஒரே விதியால் அடைத்ததால் நட்டப்படுவது சிறியவர்களே. பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சென்னையில் வேர்கொண்ட ஸோஹோவும் ஃபிரெஷ்வொர்க்ஸும் 2020இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்திலேயே வழக்காடத் தொடங்கின; வழக்கறிஞரைத் தேடி அவை அலைந்திருக்க வாய்ப்பில்லை. பலகையைப் பார்த்து வருகிறவன் சின்னக் கடைக்காரன். அவனுக்குத்தான் பலகை ஊமையாக இருக்கிறது.

ஜெர்மனியில் வழக்கறிஞர்களுக்குத் துறைப்பட்டம் ஒன்று உண்டு. தனிப் பயிற்சி, தேர்வு, அத்துறையில் இத்தனை வழக்குகளைக் கையாண்டதற்கான சான்று, ஆண்டுதோறும் தொடர்கல்வி ஆகியவற்றைக் காட்டினால் வழக்கறிஞர் மன்றமே அதைத் தருகிறது. ஒருவர் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தகவல்தொழில்நுட்பச் சட்டமும் அத்துறைகளில் ஒன்று. இங்கேயும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பேட்டண்ட் முகவர்களுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும், தேர்வு உண்டு, பெயர்கள் பதிவேட்டில் இருக்கும். கிண்டியிலுள்ள அலுவலகத்தில் அவர்கள் செயல்படுகிறார்கள். வழக்கறிஞர்களும் அந்தத் தேர்வை எழுதவேண்டும் என்றாக்கிய 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தை மட்டும் நம் உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதென்று சொல்லிவிட்டது. தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றம் ஒரு துறைவாரிப் பட்டியலை, வழக்குச் சான்றுகளின் அடிப்படையில், தானே வைத்துக்கொண்டால் அது விளம்பரமாகாது என்பது எங்கள் எண்ணம்.

அதுவரை என்ன செய்வது? நாங்கள் தடுமாறிக் கற்றதைச் சொல்கிறோம். முதலில் எங்களுக்குப் புரிந்தது, ‘மென்பொருள் வக்கீல்’ என்று ஒருவர் இல்லை என்பது. ஒரே நிரல் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியம். வட்டில் பதித்து விற்கப்படும்போது அது சரக்கு என்று விற்பனை வரி வழக்கொன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதித் தரும் வேலை ஜிஎஸ்டியின் பார்வையில் சேவை. பேட்டண்ட் சட்டமோ வெறும் நிரலைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. (நம் நாளிதழ்கள் பதிப்புரிமையையும் பேட்டண்டையும் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லால் எழுதி இந்தக் குழப்பத்துக்குத் தம்மால் இயன்ற உதவியைச் செய்கின்றன.) எந்த முகத்தில் நமக்குச் சிக்கல் என்று தெரிந்தால்தான் யாரைத் தேடுவது என்பதும் தெரியும். எங்களுக்கு வரவேண்டிய ஒரு தொகை நிலுவையில் நின்றபோது சிவில் வழக்குப் போடலாமென்றார் ஒருவர். இன்னொருவர்தான், சிறு தொழிலாகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாட்களுக்குள் பணம் வரவேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டுவட்டி, அதற்கென்றே ஒரு மன்றம் சென்னையில் உண்டு என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் எங்கள் ஆளாகிவிட்டார்.

பதிப்புரிமைக்கு உரியவரை வேறு வழியில் கண்டுபிடித்தோம். இலக்கியக்காரர்களுக்குக் கைவந்த வழி அது. நல்ல மொழிபெயர்ப்பாளரை நாம் எப்படி அறிகிறோம்? மொழிபெயர்ப்பைப் படித்து. தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; இந்தியன் கானூன் தளத்தில் பிரிவு எண்ணைக் கொடுத்துத் தேடினால் போதும். 2021இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பின், நம் உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அதற்கெனத் தனிப்பிரிவே இயங்குகிறது. 19ஆம் பிரிவைத் தொட்ட சென்னைத் தீர்ப்புகளை மாலை நேரங்களில் உட்கார்ந்து படித்தோம். ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்பிலும் யார் யாருக்காக வாதாடினார் என்பது அச்சாகியிருக்கிறது. எந்த விதியாலும் மறைக்கமுடியாத பெயர்ப்பலகை அது. திரும்பத் திரும்ப வந்த பெயர்களில் மூத்தவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குத் துணையாக வந்த இளையவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டோம். அவர்களில் ஒருவர் மந்தைவெளியில், எங்களிடமிருந்து பத்து நிமிட நடையில் இருந்தார். அவருடைய பலகையில் பெயரும் பட்டமும் மட்டும் இருந்தன. நூறு முறையாவது அதைக் கடந்து போயிருப்போம்.

புதிய ஒப்பந்தம் பதினான்கு பக்கம். காலம், நாடுகள், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை திரும்பிப் போகுமா என்பது, நிரலில் நண்பரின் பெயர் எங்கே இருக்கவேண்டும் என்பது எல்லாம் அதில் உண்டு. நண்பருக்கு இப்போது ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு போகிறது.

பழைய வழக்கறிஞரை நாங்கள் விடவில்லை. சென்ற மாதம் மாடியறையின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவரிடம்தான் போனோம். பதினோரு மாதத்துக்கு எழுதிவிட்டால் பதிவு வேண்டாமே சார் என்று வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 2019இல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு அந்தக் கதையெல்லாம் கிடையாது, எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதியணும் என்று சொல்லி, முன்பணம் எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்தார்.