கைப்பேசியில் வரும் முதலாளி

தோட்டத்தில் நாம் வெட்டும் பாலை நிறுத்து, அதிலுள்ள ரப்பரைக் கணக்கிடுகிறார்கள். அந்த ரப்பர் விற்ற காசுதான் நமக்குக் கூலியாக வருகிறது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நம் தோழர்களை அழைக்கிறானே ஒரு முதலாளி, அவன் எதை விற்கிறான் என்று கேட்க விரும்புகிறோம்.

படத்துக்கு விருப்பக்குறி போட்டால் பணம் என்பான். முதலில் 10, 20 வெள்ளி மெய்யாகவே கணக்கில் விழும். அது தூண்டில் இரை. அடுத்து முன்பணம் 300 கேட்பான். திரையில் அது ஆயிரமாக வளர்ந்து நிற்கும். எடுக்கப் போனால் வரி கட்டு என்பான். இலாபத்திலேயே கழித்துக்கொள் என்று சொல்லிப் பாருங்கள், மாட்டான். கழிப்பதற்கு அங்கே இலாபம் ஏது? கணக்கறிந்த கிராணிமாரும் இதில் சறுக்குகிறார்கள்.

பணம் போடுவதே தவறென்று நாம் சொல்லவில்லை. 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். அது வாங்கிய தோட்டம் கண்ணெதிரே இருந்தது.

கம்பெனி என்று சொல்லித் தனியாள் பெயரிலுள்ள கணக்கில் கட்டச் சொன்னால் அத்தோடு நிறுத்துங்கள். அந்தக் கணக்கு எண்ணைப் போலீசாரின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் தேடிப் பாருங்கள். புகார் இல்லையென்று வந்தாலும், இன்னும் எவரும் புகார் செய்யவில்லை என்றே கொள்ளவேண்டும்.

கட்டிவிட்டீர்களா? அந்த நிமிடமே வங்கியையோ 997ஐயோ அழையுங்கள். வீட்டில் சொல்ல வெட்கி இரண்டு நாள் கிடந்தால், பணம் கணக்குக்குக் கணக்கு தாவிப் போயிருக்கும்.