ஆழத்தில் கப்பல், கரையில் காப்டன்

சென்ற வாரம் ஒரு தாயாரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அவருடைய மகன் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்து ராலே நகரில் உத்தியோகம் பார்க்கிறான். போன வருஷம் முதுகில் காற்று ஸிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீருக்குள் மூழ்கக் கற்றுக்கொண்டானாம். இப்போது அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் கிடக்கும் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். “தடுத்தால் கேட்க மாட்டான். போகத்தான் போகிறான் என்றால், எந்தப் படகை நம்பி ஏறலாம் என்றாவது எழுதுங்கள்” என்கிறார் அந்த அம்மாள்.

மெரினாவில் கணுக்கால் நனைந்தாலே பின்வாங்குகிற பேர்வழி நான். ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வி. பதில் தேடப் புகுந்தால், அதற்குள் ஒரு யுத்தமே ஒளிந்திருக்கிறது, வாசகர்களே!

வட கரோலினாவின் கரையில் ஹாட்டராஸ் முனை என்று ஒரு மூக்கு சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான கல்ஃப் நீரோட்டமும், வடக்கேயிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. முனைக்கு அப்பால் டயமண்ட் ஷோல்ஸ் என்ற மணல் திட்டுகள். இன்று இருந்த இடத்தில் நாளை இரா. பாய்மரக் காலத்திலிருந்தே கப்பல்களை விழுங்கி விழுங்கி, ‘அட்லாண்டிக்கின் மயானம்’ என்று பெயர் வாங்கிவிட்ட இடம்.

இயற்கை செய்தது போதாதென்று 1942-இல் யுத்தமும் வந்து சேர்ந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரைக்கு வெகு சமீபத்தில் வந்து காத்திருந்தன. கரையோர ஊர்களிலோ விளக்குகளை அணைக்கவில்லை! அந்த வெளிச்சத்தின் குறுக்கே கறுப்பு நிழலாகத் தெரிந்த சரக்குக் கப்பல்களையும் எண்ணெய்க் கப்பல்களையும் இரவுக்கிரவு அடித்து மூழ்கடித்தன.

நம் பையன் பார்க்க விரும்புவது யு-352 என்ற நீர்மூழ்கியை. அது ஒரு துரதிர்ஷ்டம் பிடித்த கப்பல். அதுவரை ஒரு கப்பலைக்கூட மூழ்கடித்ததில்லை. 1942 மே 9-ஆம் தேதி, ‘இக்காரஸ்’ என்ற கடலோரக் காவல் படைக் கப்பல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யு-352-இன் காப்டன் ராட்கே அதன் மீது ஒரு டார்ப்பிடோவை ஏவினார். குறி தவறியது. டார்ப்பிடோ வெடித்துக் கடலடிச் சேறெல்லாம் கலங்கியது. “அந்தக் கலங்கல் இருக்கும் இடத்தில் யார் தேடப்போகிறார்கள்?” என்று எண்ணி அதற்குள்ளேயே போய் மறைந்துகொண்டார். இக்காரஸோ நேரே அங்கேதான் வந்து வெடிகுண்டுகளைப் போட்டது! முப்பதுக்கு மேற்பட்டவர்கள் உயிரோடு பிடிபட்டார்கள். மற்றவர்கள் வீடு திரும்பவில்லை.

அதன் பிறகு முப்பத்து மூன்று வருஷம் அந்தக் கப்பல் கிடந்த இடம் யாருக்கும் புலப்படவில்லை. 1975-இல்தான் உள்ளூர்க்காரர்கள் சிலர் தேடிப் பிடித்தார்கள். கரையிலிருந்து சுமார் 26 மைல். 110 அடிக்குச் சற்று அதிகமான ஆழம். வெளித்தகடு துருவேறி உதிர்ந்துவிட்டது. உள்ளேயிருக்கும் கனத்த உடல் மட்டும் வலப்புறம் சாய்ந்து கிடக்கிறது.

கண்டுபிடித்த கப்பலின் பெயரிலும் குழப்பம் வருவதுண்டு. ‘பப்பூஸ்’, ‘டபிள்யூ. ஈ. ஹட்டன்’ என்று இரண்டு எண்ணெய்க் கப்பல்கள். 1942 மார்ச்சில் யு-124 என்ற ஒரே நீர்மூழ்கியின் கையால் மாண்டவை. பல வருஷ காலம் ஜனங்கள் பப்பூஸ் என்று எண்ணி மூழ்கி மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தது ஹட்டனை என்று பிற்பாடு தெரிந்தது. படகுக்காரர்கள் வாயில் பழைய பெயரே நின்றுவிட்டது. ஆகவே பையனை ‘பப்பூஸுக்கு’ அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

நிற்க. இன்று கப்பல்கள் கிடக்கும் இடமெல்லாம் குறித்தாகிவிட்டது. மோர்ஹெட் சிட்டிக்கோ, பக்கத்திலுள்ள போஃபோர்ட்டுக்கோ போனால் யு-352-க்குப் படகு கிடைக்கும். வடக்கே உள்ள கப்பல்களுக்கு ஹாட்டராஸ். கப்பலைத் தேடுவது கஷ்டமில்லை. காப்டனைத் தேடுவதில்தான் இருக்கிறது சங்கதி.

சிறிய படகென்றால் கட்டணம் கொடுக்கும் பிரயாணிகள் ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கடலோரக் காவல் படை சோதித்துக் கொடுத்த பத்திரம் படகில் மாட்டியிருக்க வேண்டும். ஏழாவது ஆளாக நெருக்கி உட்காரச் சொன்னால், வாங்கிய சீட்டை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வரலாம்.

கேள்வி கேட்காத காப்டனும் உதவாது. “உன் சான்றிதழ் என்ன? கடைசியாக எப்போது மூழ்கினாய்? எவ்வளவு ஆழம்?” என்று அவர் குடைய வேண்டும். முதல் பயிற்சி முடித்தவனுக்குப் பொதுவாக 60 அடிதான் எல்லை. யு-352 கிடப்பதோ ஏறக்குறைய இரு மடங்கு ஆழத்தில்! அம்மா, பையனிடம் முதலில் இதைக் கேளுங்கள். அந்த ஆழத்தில் தரையில் ஒரு மணி நேரம் வரும் காற்று கால் மணிக்குத்தான் வரும். அதற்கு மேல் தங்கிவிட்டு விறுவிறுவென்று ஏறினால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகக் கிளம்பி மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுவிடும். ஆகையால் படகில் பிராணவாயு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 1980-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ என்ற ஸ்தாபனம் ராலேக்கு அடுத்த டர்ஹாமில் இருக்கிறது. மூழ்கியவர்களுக்கு ஆபத்து என்றால் இரவு பகல் எந்நேரமும் டெலிபோனில் வழி சொல்வார்கள். பையன் அந்த நம்பரைச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும்.

தலை எண்ணுகிற விஷயமும் உண்டு. “இதென்ன பிரமாதம், பள்ளிக்கூட வாத்தியார் செய்கிற வேலைதானே!” என்பீர்கள். 1998-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு படகு, நீருக்குள் இருந்த தம்பதியை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்கள் நினைவே வந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, முகம் பார்த்து, குரல் கேட்டு எண்ணுகிறாரா என்று முன்பே போய் வந்தவர்களிடம் விசாரிக்க வேண்டும்.

விடியற்காலையில் எல்லோரும் மூட்டை முடிச்சுடன் துறையில் நிற்கும்போது, “காற்று சரியில்லை, இன்று கிடையாது” என்று எத்தனை முறை சொன்னார் என்றும் கேட்கலாம். அப்படிச் சொல்வதால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அப்படியும் சொல்கிறவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவாரா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

கடலடியில் பையன் ஒன்றையும் தொட்டு எடுத்துவரக் கூடாது. போர்க்கப்பல்களைக் காக்க 2004-இல் அமெரிக்கா சட்டம் செய்திருக்கிறது. யு-352 இன்றும் ஜெர்மனியின் சொத்துதான். உள்ளே நுழைவதும் வேண்டாம். இறந்தவர்கள் அங்கே கிடந்த இடம் அது. வடக்கே நாக்ஸ் ஹெட்டுக்கு அப்பால் கிடக்கும் யு-85-இலிருந்து ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கடலில் மிதந்த 29 உடல்களை அமெரிக்கர்கள் வர்ஜினியாவில் ஹாம்ப்டன் மயானத்துக்குக் கொண்டுபோய், இரவோடு இரவாக, ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அவர்களுக்கும் தாயார்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

சுறாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கப்பல்களில் ஸாண்ட் டைகர் என்ற சுறாக்கள் குடியிருக்கின்றன. பல்லைக் காட்டிக்கொண்டே நீந்துவதால் போட்டோவில் பயங்கரமாக இருக்கும்; சீண்டாத வரையில் சாது. பையன் அனுப்பும் படத்தைப் பார்த்து நீங்கள் மூர்ச்சை போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிறு படகில் 26 மைல் என்பது சில நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். மூழ்குவதற்கு முன்னாலேயே முக்கால்வாசிப் பேர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார்களாம். அடுத்த பார்சலில், அம்மா, முறுக்கோடு கொஞ்சம் இஞ்சி மரப்பாவும் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள். காப்டனுக்கும் இரண்டு வில்லை கொடுக்கச் சொல்லுங்கள்.