உடன்பிறப்பு ஒரு குற்றமா?

ஒலுவிலைச் சேர்ந்த முதிய கமக்காரர் ஒருவர் அண்மையில் எம் அலுவலகப் படியேறி வந்தார். கையிலே ஒரு தூதரகக் கடிதம்; கண்ணிலே கலக்கம். “இளையவனுக்கு மாணவர் விசா இல்லையாம் சேர். மூத்தவன் அங்க இருக்கிறதால இவன் திரும்பி வரமாட்டானாம். மூத்தவன் படிச்சது பிழையா?” என்று கேட்டார்.

நீதி பேசும் வல்லரசுகள் இந்த ஒரு வினாவுக்கு விடை கூறட்டும்!

தன் எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வோர் அரசுக்கும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவன் நிரபராதி என்று உலகுக்குப் பாடம் ஓதுவோர், விசா மேசையில் மட்டும் அப்பாடத்தைத் தலைகீழாகப் படிப்பதேன்? அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவனாய் வருபவனையும் குடியேற வந்தவன் என்றே முதலில் கொள்கிறது. அல்லன் என்று காட்டும் சுமை அவன் தலையில்! அவுஸ்திரேலியாவில் 2024 மார்ச் வரை நிலவிய விதியோ, அங்குள்ள குடும்ப உறவைத் தங்கிவிடத் தூண்டும் காரணமாக எடைபோடச் சொன்னது.

முரண்பாட்டைப் பாருங்கள்! படிப்புச் செலவுக்குப் பணம் எங்கே என்கிறார்கள். தமையன் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் காட்டினால், ‘ஓ, தமையன் இருக்கிறானா!’ என்று புருவம் நெரிக்கிறார்கள். பணத்துக்கு ஆகும் தமையன், உறவுக்கு ஆகாதவனா?

சட்டமே நமக்குப் பகை என்று சோர வேண்டா. உடன்பிறந்தார் இருப்பது ஒன்றே மறுப்புக்குப் போதும் என்று இச்சட்டங்கள் கூறவில்லை. அவுஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல், ‘இவர் மெய்யான மாணவரா?’ என்ற புதிய விதிக்கு மாறியது. கனடியச் சட்டத்தின் 22(2) பிரிவோ, உரிய காலத்தில் வெளியேறுவார் என அலுவலர் நம்பினால், நிரந்தரமாய் வாழும் விருப்பமும் தற்காலிக வருகைக்குத் தடையன்று என்கிறது. விருப்பமே தடையாகாதபோது, உறவு எங்ஙனம் தடையாகும்?

நம்மிடையேயும் ஒரு பகைவன் உளன். “தமையன் இருப்பதை எழுதாதே” என்று காதில் ஓதும் முகவனே அவன்! பொய் வெளிப்பட்டால் அவுஸ்திரேலியா 3 ஆண்டும் கனடா 5 ஆண்டும் கதவடைக்கும். அமெரிக்காவோ வாழ்நாள் தடையே விதிக்கலாம். அவுஸ்திரேலிய விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 அவுஸ்திரேலிய டொலராயிற்று. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. முகவன் தரகோடு போவான். வயலை ஈடு வைத்த தந்தையே வரம்பில் நின்று வருந்துவார்.

ஆகவே, கமக்காரரே! கற்றோரே! உறவை மறையாதீர். மூத்தவர் சட்டப்படி வாழ்வதற்குச் சான்று வையுங்கள். பணம் வந்த வழியைக் காட்டுங்கள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வாசலில் இருக்க, பிள்ளை ஏன் கடல் கடக்கிறான் என்று கேட்பார்கள். எப்படிப்புக்காகச் செல்கிறான், அதனைக் கொண்டு இங்கே என்ன செய்வான் என்று தெளிவாய் எழுதுங்கள். மறுப்பு வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நம் மக்கட் பிரதிநிதிகளோ, தூதரகங்களின் முன் இம்முறையீட்டை வைத்தல் வேண்டும்.

நாம் கேட்பது பிச்சையன்று, சலுகையுமன்று. தம்பியைத் தம்பியின் தகுதி கொண்டு அளந்திடுக! அவ்வளவே.